அம்பிகை கழுவிவிட்ட குசினி

1

கற்பனையில் பிறந்த கதை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இது ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், இத்தாலியின் பலேர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்பிகையின் அழைப்பு வந்தது.

"அண்ணை, குசினி கரைஞ்சு போச்சு."

வீடு எரிந்தது கேள்விப்பட்டிருக்கிறேன். கூரை பறந்தது கேள்விப்பட்டிருக்கிறேன். குசினி, அதாவது சமையலறை, கரைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை மறுமுனையில் விக்கி விக்கி அழுகிறாள். நானோ இதைக் கதையின் முதல் வரியாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எழுதுகிறவனுடைய புத்தி இப்படித்தான், என்ன செய்வது.

வைத்தும் பார்த்தேன். மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் கைவிட்டேன். ஒளிக்காமல் இங்கேயே விடுகிறேன்.

குசினி கரைந்துபோன அந்த வெள்ளிக்கிழமை, வாழ்க்கை என்பது— (வேண்டாம். வாழ்க்கை என்று தொடங்கினால் நானே வாசிக்க மாட்டேன்.)

ஆபிரிக்கக் கரையிலிருந்து கிளம்பிய செம்புழுதிக் காற்று பலேர்மோவின் மொட்டை மாடிகளை— (இது வானிலை அறிக்கை.)

அம்பிகை சுத்தமான பெண். (இது சரி. உண்மையும்கூட. ஆனால் இதற்கு அடுத்த வரி எனக்கு வரவில்லை.)

அதனால் தொடக்கம் இல்லாமலே தொடங்கிவிட்டேன். நீங்களும் வந்துவிட்டீர்கள்.

2

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அம்பிகைக்கு ஊர் உரும்பிராய். கணவன் இல்லை. (எப்படி இல்லாமல் போனான் என்பது வேறு கதை. அதை எழுத அவள் எனக்கு அனுமதி தரவில்லை, நானும் கேட்கவில்லை.) என் மனைவி கனகேஸ்வரியின் சிநேகிதி, அந்த வழியில் எனக்குத் தங்கச்சி முறை. பல்கலைக்கழகத்தில் சினிமாவின் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு சிஞ்ஞோராவின், இந்த ஊர் வழக்கில் ஓர் அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரே மகள், சயந்தினி. அம்பிகையின் தமக்கையோடு உரும்பிராயில் இருந்து படிக்கிறாள்.

சிஞ்ஞோராவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நூற்றிருபது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக்காரரின் பேசாத குட்டிப் படங்கள். பிறகு நானும் அவற்றைப் போனில் தேடிப் பார்த்தேன். ஒன்றிரண்டு நிமிடம்தான் ஓடும். கடற்கரை ஊரொன்றில் திறந்த வெளியில் ஒரு மரமேடை. கூரை கிடையாது, ஏனென்றால் படம் பிடிக்க வெயில் வேண்டும். மேடைக்குப் பின்னால் துணியை இழுத்துக் கட்டி அதில் வீட்டைப் படமாகக் கீறியிருப்பார்கள். அடுப்பு கீறினது, அலுமாரி கீறினது, அலுமாரிக்குள் அடுக்கின கோப்பைகள் கீறினது, சுவரில் மணிக்கூடும் கீறினது. கள்ளன் வருவான், சமையல்காரி மாவை அள்ளி அவன் மூஞ்சையில் அடிப்பாள், பொலிஸ்காரன் ஓடி வருவான், படம் முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது கதையில்லை, சுவர்தான். காற்று வந்தால் சுவர் வயிற்றை உப்பி எக்கி மூச்சு விடும். கதவை அடித்துச் சாத்தினால் அடுப்பு ஆடும். வீட்டுக்குள்ளே கதிரையில் இருக்கிற மனிசியின் பாவாடையைக் கடற்காற்று தூக்கும், அவள் ஒன்றும் நடக்காத மாதிரி அமத்திப் பிடித்துக்கொண்டு நடிப்பாள். பார்க்கிற சனமும் அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு விதி இருந்ததாம், சிஞ்ஞோரா அம்பிகைக்குச் சொல்லியிருக்கிறார். நடிக்கிறவர் கையால் தொடப்போகிற சாமான் மட்டும் உண்மையானது. மற்றதெல்லாம் கீறினால் போதும். இதை நான் இந்தக் கதைக்குக் களவெடுத்துக்கொள்கிறேன். ஆகவே இங்கே வருகிற பலேர்மோ பெரும்பாலும் கீறினதுதான். துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் ஊதுகிறது என்று ஒரு வரி எழுதினேன், ஒருவரும் தொடப்போவதில்லை என்று வெட்டிவிட்டேன். தண்ணீர்க் குழாயும் போனும் உண்மை. அவற்றைத் தொடத்தான் போகிறோம்.

3

சிஞ்ஞோராவுக்கு அப்படியொரு படத்தைத் தானே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. தன் வீட்டு மொட்டை மாடியில், வெயிலில், பழைய மாணவர்களை வைத்து. கோடை முழுக்கக் குந்தியிருந்து ஒரு பெரிய துணியில் குசினி கீறினார். படம் கறுப்பு வெள்ளை என்றபடியால் முழுக்கச் சாம்பல் நிறத்தில். அந்தக் காலத்து முறைப்படி சுண்ணத்தூளைப் பசைத் தண்ணீரில் குழைத்துச் செய்த நிறம். அது வெயிலில் காயும், தண்ணீரில் கரையும். இந்த இரண்டாவதை அவர் அம்பிகைக்குச் சொல்லவில்லை.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை சிஞ்ஞோரா மெசினாவில் இருக்கிற தமக்கையிடம் போய்விட்டார். அன்றிரவு சிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் காற்று, வந்தால் ஊரெல்லாம் சிவப்புத் தூசி. வெள்ளி காலை சிஞ்ஞோராவின் செய்தி வந்தது: மாடியை நன்றாகக் கழுவிவிடு, ஞாயிறு ஆட்கள் வருகிறார்கள்.

கழுவிவிடு என்று எங்களிடம் சொல்லக்கூடாது. இந்த ஊர்ச் சனம் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து நிலத்தைத் துடைத்துவிட்டுக் கழுவியாச்சு என்று சொல்லும். எங்களுக்கு அது துடைத்தல். கழுவினால் தண்ணீர் ஓட வேண்டும், மூலை முடுக்கெல்லாம் போக வேண்டும், முடிந்தபின் பிரட்டைக் கடித்துக்கொண்டே அந்த இடத்தில் குந்த மனம் வர வேண்டும்.

அம்பிகை நிலத்தைக் கழுவினாள், பூச்சாடிகளைக் கழுவினாள். பின்சுவரோடு துணிக் குசினி தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்துக்கு மேல் சிவப்புத் தூசி படிந்து, அலுமாரியெல்லாம் கருவாட்டுச் சாக்கு மாதிரி இருந்ததாம். கீறினது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கீறி நிறுத்துகிற பதாகைகள் இரண்டு மாரி கண்டும் அப்படியே நிற்கும். பெயின்ற் என்றால் பெயின்ற் தானே என்று நினைத்தாள். குழாயை எடுத்து மேலேயிருந்து கீழே அடித்தாள்.

சாம்பல் தண்ணீர் ஓடியது. தூசி போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் அடித்தாள். மணிக்கூடு போனது. கோப்பைகள் ஒன்றோடொன்று கலந்தன. மேசையின் கால்கள் நீண்டு நீண்டு வழிந்து நிலத்துக்கு வந்து, மழைத்தண்ணீர்ப் பீலி வழியே இறங்கிப் போனபோதுதான் அவளுக்கு விளங்கியது.

இனி, சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விசயத்தைக் கேளுங்கள். சயந்தினிக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. பிள்ளையை ஊரிலிருந்து இங்கே கூப்பிடுகிற விண்ணப்பத்தைப் பதினெட்டுக்கு முதல் போட்டால் பிள்ளை வரலாம். பிந்தினால் அவள் வளர்ந்தவள், தாயோடு சேர்க்க மாட்டார்கள். விண்ணப்பத்துக்குத் தாயின் வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் சிஞ்ஞோராவினுடையது. திங்கட்கிழமை அவர் கையெழுத்து வைப்பதாக இருந்தது.

"வேலையாலை நிப்பாட்டினா நான் என்ன செய்யிறது அண்ணை? வேறை வீடு தேடுறதுக்கிடையிலை பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிடும்."

நான் கறிவேப்பிலையைக் கீழே வைத்துவிட்டேன்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சிஞ்ஞோராவை நான் கண்டதில்லை. அவர் நல்லவரா, கோபக்காரரா, எனக்குத் தெரியாது. அம்பிகையைக் கேட்டேன். பொல்லாதவர் இல்லை, ஆனால் சத்தம் போடாமல் கோபப்படுகிறவர் என்றாள். அதை வைத்து என்ன எழுத? ஆகவே நானே ஒரு சிஞ்ஞோராவைக் கீறினேன். உயரம், மெலிவு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. தண்ணீர் பட்டால் இவரும் கரைந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சிஞ்ஞோராவை வைத்து முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் அவர் மாடிக்கு வருகிறார், வெறுந்துணியைப் பார்க்கிறார், ஒரு வார்த்தை பேசாமல் கதவைக் காட்டுகிறார். கதை என்ற அளவில் நல்ல முடிவு, பரிசு கிடைக்கக்கூடியது. ஆனால் எனக்கு அது வேண்டாம். சயந்தினியை நான் ஊரில் சின்னப் பிள்ளையில் தூக்கியிருக்கிறேன்.

இன்னொன்றில், கழுவுப்பட்ட குசினிக்கு அடியிலிருந்து ஆரோ பெரிய ஓவியரின் நூறு வருடப் பழைய ஓவியம் வெளிப்பட— (துணி போன வைகாசியில் வாங்கினது. அம்பிகைதான் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவள். என்னை நானே ஏமாற்றலாம், அவளை ஏமாற்ற முடியாது.)

இரண்டையும் கனகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்கள் இஞ்சை இருந்து முடிவு எழுதுறதுக்கு, அங்கை போய் அந்தத் துணிக்கு ஏதும் செய்யலாமே" என்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள்.

5

சனிக்கிழமை காலை மாடிக்குப் போனோம். நானும் அம்பிகையும் பெனடிக்ற்றும். பெனடிக்ற் மன்னார்ப் பெடியன், துறைமுகத்தடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான், பிரான்காச்சோப் பகுதியில் இருக்கிறான். தவக்காலத்தில் கோயில் மண்டபத்தில் எங்கள் கத்தோலிக்கச் சனம் போடுகிற, யேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கு நாடகத்துக்குச் சீன் கீறுகிறவனும் அவன்தான். எனக்குத் தெரிந்த பெயின்ற்காரன் அவன் ஒருவன். திட்டம் என்னுடையது: சிஞ்ஞோரா இரவு ரயிலில் வருவதற்குள் குசினியைத் திரும்பக் கீறி, காயவிட்டு, மூச்சு விடாமல் இருப்பது. (இதில்தான் எனக்குக் கதை தெரிந்தது. கண்டுபிடிப்பாரா, மாட்டாரா? மூன்று பக்கத்துக்கு இழுக்கலாம்.)

எதைப் பார்த்துக் கீறுவது? அம்பிகை ஒருநாள் அந்தத் துணிக்கு முன்னால் நின்று மகளோடு வீடியோவில் கதைத்திருக்கிறாள், "பாரடி, பொய்க் குசினி" என்று. சயந்தினி அதைப் படமாகப் பிடித்து வைத்திருந்தாள். உரும்பிராயிலிருந்து படம் வந்தது. வலப்பக்கம் அலுமாரி, இடப்பக்கம் அடுப்பு, எல்லாம் தெளிவு. நட்டநடுவில் அம்பிகையின் தலை.

"அக்கா, உங்கட தலைக்குப் பின்னுக்கு என்ன இருந்தது?" என்று பெனடிக்ற் கேட்டான்.

ஒவ்வொரு நாளும் தூசி தட்டினவள்தான். ஆனால் நினைவில்லை. யன்னலோ, வெறும் சுவரோ, ஏதோ ஒன்று என்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்தத் தலையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தோம். மயிருக்கு எண்ணெய் வைத்திருந்தது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

பெனடிக்ற் அலுமாரியைப் போட்டான், அடுப்பைப் போட்டான், கைகாரன். மேசைக்கு வந்தபோது அம்பிகை மறித்தாள். அதிலே கை வைத்துத்தானே நடிக்கப்போகினம், உண்மையான மேசையை மேலே தூக்குவோம் என்றாள். நானும் அவளும் குசினி மேசையைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். என் முதுகு இன்னும் அதைப் பற்றிக் கதைக்கிறது.

மேலே வந்து பார்த்தால், நடுவிலே, தலை இருந்த இடத்தில் ஒரு தூண். சாதாரணத் தூண் இல்லை. அடியில் படிக்கட்டு, உச்சியில் சுருள் பூ வேலை.

"என்னடா இது?"

"கை தன்பாட்டிலை போட்டுது அண்ணே" என்றான். இத்தனை வருடமாக அவன் கீறுகிறது பிலாத்துவின் அரண்மனை. நடுவில் ஒரு வெற்றிடத்தைக் கண்டால் கை தூண் போட்டுவிடுகிறது. யேசுவை அடித்துத் தீர்ப்புச் சொல்கிற இடத்தில், ஒரு பக்கம் அலுமாரியும் மறுபக்கம் அடுப்புமாக இருந்தது எங்கள் ஆங்கிலேயக் குசினி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்பிகை சிரிக்கவில்லை.

6

இங்கேதான் அவள் என் கதையைக் கெடுத்தாள்.

நான் அடுத்த கட்டத்துக்கு ஆயத்தமாக இருந்தேன். தூணை அழிக்க வேண்டும், நேரம் போகிறது, ரயில் வருகிறது, வாசகர் நகத்தைக் கடிக்கிறார். அம்பிகை கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஆருக்கு எடுக்கிறீர் என்று கேட்டேன்.

"சிஞ்ஞோராவுக்கு. ஏமாத்திப்போட்டு அவவின்ரை கையெழுத்தை வாங்கி என்ரை பிள்ளையைக் கூப்பிட எனக்கு ஏலாது அண்ணை. நாளைக்கு அவள் வந்து இந்த வீட்டுப் படியிலைதான் ஏறப்போறாள்."

பொறுமன் பிள்ளை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டாள். அவளுடைய இத்தாலியனில் ஒரே மூச்சில் சொன்னாள்: துணிக் குசினியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டேன், எல்லாம் போய்விட்டது, தெரியாமல் செய்தது, பிழை என்னுடையது.

பெனடிக்ற் தூரிகையோடு சிலுவை போட்டுக்கொண்டான்.

பிறகு சிஞ்ஞோராவின் குரல், முழுவதுமா என்று கேட்டது.

முழுவதும் என்றாள் அம்பிகை.

அந்த மேசையுமா?

மேசையும்.

"மேனோ மாலே" என்றார் சிஞ்ஞோரா. நல்லகாலம், தப்பினோம் என்று இந்த ஊர்ச் சனம் நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல். ஆனால் அப்படி அடிவயிற்றிலிருந்து ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு மடை திறந்த மாதிரிக் கதைத்தார். அந்த மேசையைத் தான் பிழையாகக் கீறிவிட்டாராம். முன்பக்கம் சரிந்து, மேலே இருக்கிற எல்லாம் விழப்போகிற மாதிரி. மூன்று தரம் திருத்தியும் சரிவரவில்லை. முப்பது வருடம் இந்தப் படங்களைப் படிப்பித்தவருக்கு ஒரு மேசை கீறத் தெரியாதா என்று மாணவர்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று நித்திரையே இல்லையாம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மெசினாவுக்கு ஓடினாராம். கழுவிவிட எத்தனை தரம் நினைத்தார், மனம் வரவில்லையாம். அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரரும் ஒரு படம் முடிந்தால் துணியைக் கழுவித்தான் அடுத்த படத்தைக் கீறினார்களாம்.

(என் சிஞ்ஞோரா, அந்த மெலிந்த, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர், இந்த இடத்தில் கரைந்து போனார். நான் தடுக்கவில்லை.)

அம்பிகை நிலத்தில் குந்திவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், இந்த முறை வேறு அழுகை. பெனடிக்ற் மட்டும் தூணை எப்படி அழிப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பக் கீறிக்கொண்டிருக்கிறோம் என்று அம்பிகை சொன்னதும், படம் அனுப்பச் சொன்னார் சிஞ்ஞோரா. அனுப்பினோம். தூணைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும் என்றார்.

7

ஞாயிறு படம் எடுத்தார்கள். சமையல்காரியாக நடித்த மாணவி மாவை அள்ளிக் கள்ளனின் முகத்தில் அடித்த நேரம் காற்று வந்து, பிலாத்துவின் தூண் வளைந்து குனிந்து நிமிர்ந்தது. துணிக்குப் பின்னால் ஒரு முனையைப் பெனடிக்ற்றும் மறுமுனையை அம்பிகையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் துணிக்கு முன்பக்கம் வந்து சிஞ்ஞோராவை நேரில் கண்டேன். கட்டையான, குண்டான, கையெல்லாம் மாவான மனிசி. என்னுடையதைவிட எவ்வளவோ நல்லாக இருந்தார்.

திங்கள் கையெழுத்து வைத்தார். அந்த வாரமே விண்ணப்பம் போனது. போட்ட நாளில் பிள்ளைக்கு என்ன வயது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு எத்தனை பிறந்தநாள் வந்தாலும் பயமில்லை. சயந்தினியின் பதினெட்டாவது பிறந்தநாளன்று அம்பிகை எங்கள் வீட்டுக்குக் கேசரி கொண்டு வந்தாள். அந்தத் திகதியை நினைத்து ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தவள், அன்றைக்கு எங்களோடு இருந்து கேசரி சாப்பிட்டாள். போன மாதம் இங்கத்தைய அனுமதியும் வந்துவிட்டது. இனிக் கொழும்பில் விசா.

8

எழுதினதை அம்பிகைக்கு வாசித்துக் காட்டினேன். குழாய் அடித்ததைச் சொன்ன இடத்தில் சிரித்தாள். தான் அழுத இரண்டு இடத்தில் ஒன்றை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை. மற்றபடி பரவாயில்லை என்றாள்.

அதற்குப் பிறகு முடிவை வாசிக்கத் தொடங்கினேன். நல்லாகத்தான் எழுதியிருந்தேன், ஆறுதலாக, நேரமெடுத்து.

பலேர்மோ விமான நிலையத்தில் தாமதமாக வந்திறங்கிய விமானத்திலிருந்து, கையில் ஒரு சின்னப் பெட்டியோடு, சய—

"நிப்பாட்டுங்கோ" என்றாள்.

ஏன், நல்லாயில்லையோ என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு. நடக்கமுதல் சொன்னா நாவூறு படும் அண்ணை. நான் அவளுக்கு ஒரு தலையணை உறை கூட இன்னும் வாங்கேல்லை. வந்து இறங்கட்டும், நானே உங்களுக்குச் சொல்லுறன், அப்ப எழுதுங்கோ."

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. மகாநாடுகளில் எழுந்து நின்று மூடநம்பிக்கை என்று பேசியவன். ஆனால் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முழுவதையும் தெரிவுசெய்து, அழித்துவிட்டேன். அழித்தபின் மனம் நிம்மதியாக இருந்தது.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இல்லை. என்ன முடிவு என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தயவுசெய்து நீங்களும் ஒருவருக்கும் சொல்லாமல் இருங்கள்.